பெண்ணையாற்றங்கரையும் உரோமக் காசுகளில் பெண்ணுருவங்களும்

முன்னுரை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கும் கடை ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு பித்தளைக் குடத்தை மாற்றுவதற்காகச் சென்றிருந்தோம். தராசின் அருகே இருந்த தகர டப்பாவில் பச்சைக் களிம்பேறிய சிறு செப்புத் துண்டுகள் கிடந்தன. விரல்நகத்தினும் சிறிய அவற்றுள் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபோது, சிறகுடைய பெண்ணுருவம் ஒன்று மங்கலாகத் தோன்றியது. ஆற்றுமணல் சலிப்போர் கொண்டுவந்து போட்டவை என்றார் கடைக்காரர். மறுவாரம் காசுகளைப் பற்றி அறிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். டப்பா வெறுமையாக இருந்தது. செம்பு உருக்குவோரிடம் எல்லாம் போய்விட்டனவாம். நாம் கண்டது உரோமக் காசா, அதனைப் பார்த்து இங்கே செய்த போலிக் காசா என்று உறுதி செய்வதற்கு இனி வழியில்லை.

அன்று எழுந்த வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம். உரோமானியர் தம் செப்பு, வெண்கலக் காசுகளில் பெண் தெய்வங்களையும் அரச குலப் பெண்டிரையும் ஏன் பொறித்தனர்? அவ்வுருவங்களை நாம் எவ்வாறு இனங்காண்பது? அவை சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு நம் வட்டாரத்தில் நின்றுகொண்டே விடை காண முயல்வோம்.

மலையமான் நாடும் அயல்நாட்டுக் காசும்

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, பெயரால் புதியதே அன்றி வரலாற்றால் புதியதன்று. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் அம்மலையில் பிறந்து நம் வயல்களுக்கு வருகின்றன. வடக்கே தென்பெண்ணை பாய்கிறது. அதன் கரையிலுள்ள திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவல் எனப் பெயர் பெற்று மலையமான் மரபினரின் தலைநகராக விளங்கியது. மலையமான் திருமுடிக்காரியைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர்.

இம்மலையமான்கள் தம் பெயரால் காசு வெளியிட்டவர்கள் என்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தம் ஆய்வுகளால் நிறுவினார். ஒருபுறம் குதிரையும், மறுபுறம் மலையையும் ஆற்றையும் குறிக்கும் கோடுகளும் கொண்ட செப்புக் காசுகள் அவை. நம் நாட்டின் நில அமைப்பே அக்காசில் உள்ளது. அவ்வறிஞரே கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளை ஆராய்ந்து 1994இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையும் மதுரையில் வையைப் படுகையும் அக்காசுகளைத் தந்தன.

திருக்கோவிலூர் வட்டாரமும் உரோமத் தொடர்புக்கு அயலானதன்று. அவ்வட்டாரத்துச் சோரியப்பட்டில் 1992இல் உரோமப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. கிழக்கே கடலோரத்திலிருந்து பெண்ணைக்கரை வழியாக உள்நாட்டுக்கு வணிகர் வந்திருத்தல் இயல்பே. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடும் அக்கடலோரத்தில்தான் உள்ளது. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் காட்சி அகநானூற்றில் உண்டு. யவனர் செய்த, பாவை கையில் ஏந்திய விளக்கினை நெடுநல்வாடை காட்டுகிறது. அயலார் வடித்த பெண்ணுருவம் தமிழர்க்கு அக்காலத்திலேயே பழக்கமானது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

காசின் இரு பக்கங்கள்

காசுக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு உண்டு. உரோமக் காசின் முன்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரின் தலையும், அதனைச் சுற்றி அவருடைய பெயரும் பட்டங்களும் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு தெய்வமோ, ஒரு நற்பண்பின் உருவமோ, ஒரு நிகழ்ச்சியோ இருக்கும். செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில், அரசு தன் குடிகளுக்குச் சொல்ல விரும்பிய செய்தியைக் காசின் பின்பக்கமே ஊரூராகச் சுமந்து சென்றது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அகஸ்டஸ் காலத்துச் சீர்திருத்தத்தில் செஸ்டெர்டியஸ், டுபோண்டியஸ் என்னும் பெருங்காசுகள் பித்தளை போன்ற மஞ்சள் நிறக் கலவையிலும், ஆஸ் என்னும் காசு செம்பிலும் அடிக்கப்பட்டன. இவை அனைத்தையும் வெண்கலக் காசுகள் என்றே பொதுவாக வழங்குவர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வெண்கலக் காசு மிகவும் சிறுத்து, ஏறத்தாழ ஒரு கிராம் எடையுடையதாகச் சுருங்கிவிட்டது.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நமக்கு மற்றொன்றும் சுவை தருவதாகும். உரோம வெள்ளிக்காசின் பெயராகிய தினாரியஸ் என்பதே அரபு மொழியில் தீனார் ஆயிற்று. யூனோ மொனேட்டா என்னும் பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி உரோமின் காசடிக்கும் சாலை இருந்தமையால், அத்தெய்வத்தின் பெயரிலிருந்தே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பணத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. உரோமானியர்க்குக் காசு என்னும் சொல்லிலேயே ஒரு பெண் தெய்வம் குடியிருந்தாள். இதற்கு நேர்மாறாக, கி.பி. 696-97இல் உமையாக் கலீபா அப்துல் மலிக் உருவங்கள் அனைத்தையும் நீக்கி எழுத்துகளை மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். உருவத்தால் பேசுவதும் எழுத்தால் பேசுவதும் காசு வரலாற்றின் இரு நெறிகளாம்.

தெய்வங்களை இனங்காணும் முறை

காசில் முகம் தேய்ந்திருக்கலாம், எழுத்து அழிந்திருக்கலாம். எனினும் கையிலுள்ள பொருளைக் கொண்டு தெய்வத்தை அறியலாம். நம் கோயிற் சிற்பங்களில் வேலைக் கண்டு முருகனையும் வீணையைக் கண்டு கலைமகளையும் அறிவது போன்றதே இது.

சிறகுகளும் மலர்வளையமும் உடையவள் விக்டோரியா; அவள் வெற்றித் தெய்வம். கையில் கப்பலின் சுக்கானும், மறுகையில் கனிகள் நிறைந்த கொம்பும் உடையவள் ஃபோர்ச்சூனா. அவள் ஊழையும் நற்பேற்றையும் குறிப்பவள். கிளை ஏந்தியவள் பாக்ஸ் எனும் அமைதி. பாம்புக்கு உணவூட்டுபவள் சாலுஸ். உடல்நலமும் நாட்டுநலமும் அவள் பொறுப்பு. தூணில் சாய்ந்து நிற்பவள் செக்யூரித்தாஸ் எனும் காவல். தராசும் கொம்பும் ஏந்தியவள் மொனேட்டா. குழந்தைகளைத் தாங்கியவள் ஃபெகுந்தித்தாஸ் எனும் மகப்பேறு. தலைக்கவசம் அணிந்தவள் உரோமா. அவள் நகரமே பெண்ணாக உருக்கொண்டவள்.

இவருட் பலர் கதைகளில் வாழும் தெய்வங்கள் அல்லர். பண்புகளுக்குக் கொடுத்த உருவங்கள். இலத்தீன் மொழியில் இப்பண்புப் பெயர்கள் பெண்பாற் சொற்களாக இருந்தமை, அவை பெண்ணுருக் கொண்டதற்கு ஒரு காரணமாகும்.

அரச குலப் பெண்டிர்

பண்பு பெண்ணாக ஆனபின், பெண் பண்பாக ஆவது எளிதாயிற்று. திபேரியஸ் (கி.பி. 14-37) வெளியிட்ட பொன், வெள்ளிக் காசுகளின் பின்பக்கத்தில் கிளையேந்தி அமர்ந்த பெண்ணைக் காணலாம். தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பனவற்றுள் இவ்வகை ஒன்று. அவள் அமைதித் தெய்வம் என்றும், அத்தெய்வ வடிவில் அமர்ந்த அரசனின் தாய் லிவியா என்றும் அறிஞர் கருதுவர். கி.பி. 22-23இல் உரோமில் வெளியான வெண்கலக் காசில் சாலுஸ் என்னும் பெயரின்மேல் லிவியாவை ஒத்த தலையுருவம் இருக்கிறது. அவ்வாண்டில் லிவியா கடும் நோயுற்றுப் பிழைத்தாள் என்பது வரலாறு. அரசியின் நலமே நாட்டின் நலம் என்பது அக்காசின் செய்தி.

அடுத்து வந்த கலிகுலா ஒருபடி மேலே சென்றான். கி.பி. 37-38இல் அவன் வெளியிட்ட செஸ்டெர்டியஸ் காசின் பின்பக்கத்தில் அவனுடைய தங்கையர் மூவர் நிற்கின்றனர். அகிரிப்பினா காவலாகவும், துருசில்லா ஒற்றுமையாகவும், யூலியா நற்பேறாகவும் காட்டப்பட்டுள்ளனர். மூவர் பெயரும் அருகே பொறிக்கப்பட்டுள்ளன. வாழும் பெண்கள் மூவரைப் பெயரோடு காசில் காட்டியது உரோமில் புதுமை. ஆயின் காசு தேயும் முன்பே கதை மாறியது. துருசில்லா கி.பி. 38இல் இறந்தாள். மறுஆண்டு அகிரிப்பினாவும் யூலியாவும் அண்ணனுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். காவலுக்கும் நற்பேற்றுக்கும் உருவமாக நின்றவர்க்குக் காவலும் இல்லை, நற்பேறும் இல்லை.

இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி இளைய ஃபவுஸ்தினாவின் காசுகளில் குழந்தைகளைத் தாங்கிய மகப்பேற்றுத் தெய்வம் மீண்டும் மீண்டும் வருகிறது. அவள் பன்னிரண்டுக்குக் குறையாத மக்களைப் பெற்றவள். அவர்களுட் பலர் இளமையிலேயே மாண்டனர். காசு பிறப்பை அறிவித்தது. தாய் சுமந்த இழப்புகளை அது அறிவிக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டுக் காசு ஒன்று இதனினும் துயரமானது. கான்ஸ்டன்டைன் கி.பி. 324இல் தன் தாய் ஹெலனாவுக்கும் மனைவி ஃபவுஸ்தாவுக்கும் அகஸ்டா என்னும் பட்டம் வழங்கினான். இருவர் பெயராலும் வெண்கலக் காசுகள் வெளிவந்தன. ஹெலனாவின் காசில் கிளையேந்திய பெண் ‘நாட்டின் காவல்’ எனும் தொடருடன் நிற்கிறாள். ஃபவுஸ்தாவின் காசில் இரு குழந்தைகளை மார்போடு அணைத்த பெண் நிற்கிறாள். சுற்றிலும் ‘நாட்டின் நலம்’ என்றோ ‘நாட்டின் நம்பிக்கை’ என்றோ எழுதப்பட்டுள்ளது. கி.பி. 326இல் கணவனின் ஆணையால் ஃபவுஸ்தா உயிரிழந்தாள். அதற்குப் பண்டைய ஆசிரியர்கள் கூறும் காரணங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவள் பெயரிலான காசுகள் நின்றன. எனினும் முன்பே வெளிப்போந்த காசுகளைத் திரும்பப் பெறுதல் எளிதோ? நாட்டின் நம்பிக்கை என அவளைப் புகழ்ந்த செம்பு, அவள் மாண்ட பின்னரும் கைமாறிக்கொண்டே இருந்தது.

சிறு செம்பில் வெற்றித் தெய்வம்

தமிழகத்துக்கு வந்த உரோமக் காசுகளில் முதலிரு நூற்றாண்டுகளுக்கு உரியவை பெரிதும் பொன்னும் வெள்ளியுமே. மேலே கூறிய பெரிய வெண்கலக் காசுகள் உரோமப் பேரரசின் உள்நாட்டு வழக்கிற்கு உரியவை. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளில்தான் சிறு செப்புக் காசுகள் மிகுதியாக இங்கு வரலாயின. இலங்கையிலும் அவை ஏராளமாகக் கிடைத்துள்ளன. தியோடோசியஸ், அவன் மைந்தர் அர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் காசுகள் அவற்றுள் அடங்கும்.

அக்காலச் சிறுகாசுகளில் பரவலாகக் காணப்படும் உருவங்களுள் ஒன்று, தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் சிறகுடைய விக்டோரியா. சுற்றிலுமுள்ள எழுத்து ‘நாட்டின் நலம்’ என்பது. தியோடோசியஸின் மனைவி ஃபிளாக்கில்லாவின் காசிலோ, அவ்விக்டோரியா அமர்ந்து, கேடயத்தின்மீது கிறித்துவச் சின்னத்தை எழுதுகிறாள். கி.பி. 382இல் உரோம ஆட்சிமன்றத்தில் இருந்த விக்டோரியாவின் பலிபீடத்தைப் பேரரசன் கிரேஷியன் அகற்றினான். மன்றத்திலிருந்து வெளியேறிய தெய்வம் காசில் நீங்காது நிலைத்தாள். மக்கள் கண்ணுக்குப் பழகிய உருவத்தை மாற்ற அரசும் துணியவில்லை போலும்.

இச்சிறு செம்பின் அருமை யாது? 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் தலையுருவின்மீது வெட்டுத் தழும்பு உள்ளது. அவை இங்கே நாணயமாகச் செல்லாமல், பொன்னாகவே மதிக்கப்பட்டன என்று கருத இடமுண்டு. ஒரு கிராம் செம்பையோ உலோக மதிப்புக்காக எவரும் கடல் கடந்து கொண்டுவந்து சேமிக்கமாட்டார். அது சில்லறையாகவே பயன்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் அதனைப் பார்த்துப் போலிக் காசுகளும் செய்தனர் என்பது இதனை வலுப்படுத்துகிறது. அவ்வாறாயின் பொற்காசு பெருவணிகனின் பேழையைப் பற்றிக் கூறும். செப்புக் காசு சந்தையில் உப்பும் மீனும் விற்றவரின் கையைப் பற்றிக் கூறும். அக்கைகளுட் பல பெண்களின் கைகளாகவும் இருந்திருக்கும்.

காசும் பாட்டும்

ஈண்டு நம் திருக்கோவிலூரை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். பறம்பின் கோமான் பாரி மாண்டபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. பாரியின் மகளை மலையமானிடம் ஒப்புவித்துக் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர்குன்று இன்றும் நிற்கிறது.

அம்மகளிர்க்குக் காசு அடிப்பார் இல்லை. பட்டம் சூட்டுவார் இல்லை. ஆயினும் புறநானூற்றின் 112ஆம் பாட்டு அவர்கள் பெயரால் நிற்கிறது. தந்தை உயிரோடிருந்த நிலவையும், அவனை இழந்த நிலவையும் அவர்கள் தம் வாயாலேயே ஒப்பிட்டுப் பேசுகின்றனர். ஃபவுஸ்தாவின் உருவம் ஆயிரக்கணக்கான காசுகளில் இருந்தும், அவள் தானே சொன்ன சொல் ஒன்றும் அவற்றில் இல்லை. காசிலுள்ள எழுத்து அவளைப் பற்றி அரசு சொன்னது. பாட்டிலுள்ள எழுத்து பெண்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. எனவே காசில் பெண்ணுருவைக் கண்டவுடனேயே அந்நாட்டில் பெண்மை போற்றப்பட்டது என முடிவுகட்டுதல் பொருந்தாது. யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று வினவுதலே ஆராய்ச்சி. இலக்கியம் பயில்வோர்க்கு நாணயவியலும், நாணயவியல் பயில்வோர்க்கு இலக்கியமும் தேவைப்படுவது இதனாலேயே ஆகும்.

நம் கடமை

பொற்காசு கிடைத்தால் ஊரே அறியும், வட்டாட்சியர் வருவார், அருங்காட்சியகம் கேட்டுப் பெறும். செப்புக்காசு கிடைத்தால் எடைக்கடைக்குப் போகும். இவ்வேறுபாட்டால் எளிய மக்களின் வரலாறே உருகிப் போகிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியே தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி.

கல்வராயன் மலையூர்களிலிருந்தும் பெண்ணைக்கரையிலிருந்தும் பயில வரும் மாணவர்களுக்கு நாம் கூறுவன இவை. பழங்காசு கண்ணிற்பட்டால் அதனைப் புளியிட்டுத் துலக்க வேண்டா. களிம்பைச் சுரண்ட வேண்டா. அக்களிம்பின் கீழேதான் எழுத்து உயிரோடிருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்த பிழையை நாமே செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். எந்த ஊரில், எந்த ஓடையில், எந்நாளில், எவற்றோடு கிடைத்தது என்பதை உடனே எழுதி வையுங்கள். இருந்த இடம் தெரியாத காசு, முகவரி இல்லாத மடலைப் போன்றது. பின்பக்கத்தின் அடியில் ஓரிரு எழுத்துகள் தெரிந்தால் அவற்றையும் பார்த்து வரையுங்கள். அவை அந்தியோக்கு, அலெக்சாந்திரியா முதலாகக் காசடித்த நகரத்தின் குறியீடாக இருக்கலாம். பின்னர் ஆசிரியரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தெரிவியுங்கள்.

முடிவுரை

உரோமக் காசுகளில் பெண்ணுருவங்கள் அழகுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. அமைதி, காவல், நலம், வெற்றி என அரசு தன் குடிகளுக்கு அளித்த உறுதிமொழிகளின் உருவங்கள் அவை. அவ்வுறுதிமொழிகளைச் சுமந்த பெண்டிர் சிலருக்கு அவ்வுறுதி கிட்டவில்லை என்பதையும் வரலாறு நமக்குக் காட்டியது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்து, காசுக்கு வெளியே உள்ள வாழ்க்கையையும் பார்ப்போர்க்கே காசு முழு உண்மையைக் கூறும்.

அன்று அத்தகர டப்பாவில் நாம் கண்ட சிறகுடைய பெண் யாரென்பதை இனி அறிய இயலாது. அடுத்த மழைக்குப்பின் பெண்ணையின் மணலில் மற்றொருத்தி வெளிப்படக்கூடும். அவளையேனும் உலைக்குப் போகாமல் காப்பது, இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் மாணவர்களின் பொறுப்பாகும்.